செத்த செடிக்குப் போர்வை

டிசம்பர் 17, ஞாயிறு

அந்தியூரில் விடிகாலை பஸ் ஏறி, மூன்று பஸ் மாறி, ஊட்டியிலிருந்து மினி பஸ்ஸில் தட்டைக்கல் வந்து இறங்கும்போது மணி நான்கு. இறங்கிய மாத்திரத்தில் பல் தந்தி அடிக்க ஆரம்பித்துவிட்டது. முப்பது வருடம் போக்குவரத்துக் கழகத்தில் இருந்தவன், அதில் பதினாறு வருடம் செக்கிங் இன்ஸ்பெக்டர். எத்தனையோ தடவை ஊட்டி வண்டியில் ஏறி டிக்கெட் பார்த்திருக்கிறேன். ஒரு ராத்திரி தங்கியதில்லை. அப்படி ஒரு ஊர் இது.

வந்த காரணத்தை எழுதிவிடுகிறேன். மகன் நந்தகுமார் ராணுவத்தில் இருக்கிறான், பிப்ரவரி கடைசிக்கு முன்னால் லீவு கிடையாது. அவன் சம்சாரம் இங்கே மூன்று வருடமாக ஒரு நர்சரி வைத்து நடத்துகிறாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். போன வாரம் ரத்தம் பட்டு, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். முப்பத்தாறு வாரம் ஆகிற வரை காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரி மரகதம்தான் கூட இருக்கிறாள். ஆனால் அந்தப் பெண் படுத்தால்தானே? பனி இறங்கும் மாதம், செடியை யார் மூடுவது, ஒரு நடை போய் ஏற்பாடு பண்ணிவிட்டு வந்துவிடுகிறேன் என்று இரண்டு தடவை கட்டிலை விட்டு இறங்கிவிட்டாளாம்.

"செடிக்கு ஆளு இருக்குதுன்னு தெரிஞ்சாத்தானுங்க இவ படுப்பா. நீங்க போங்க" என்றாள் மரகதம். அவள் சொன்னதால்தான் வந்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இந்த வீட்டு வாசலை இன்றுதான் முதல் தடவையாக மிதிக்கிறேன். சம்பந்தி சூசைமாணிக்கம் எனக்கு முன்னாலேயே வந்து, அடுப்பு மூட்டி, கம்பளி தட்டிப் போட்டு வைத்திருந்தார். இங்கேதான் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல்காரராக இருந்து, போன மே மாதம் ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. என் கையிலிருந்த பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி, வாங்க. நீங்க உக்காருங்க. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

இவர் மகள் கல்யாணம் மாதா கோயிலில் நடந்தது. நான் போனேன், பின்னால் நின்றேன், கை நனைக்காமல் திரும்பினேன். அதை அவர் மறந்திருக்க மாட்டார். மறக்காதவர்தான் இப்படி விழுந்து விழுந்து கவனிப்பார்.

டிசம்பர் 18, திங்கள்

அந்தப் பெண் படுத்தபடியே ஒரு தாளில் எழுதி மரகதத்திடம் கொடுத்திருந்தாள். அதைச் சுவரில் ஒட்டியாயிற்று. மதியம் வேருக்குத் தண்ணீர், ஈர மண் சூடு தாங்கும். நாலு மணிக்கெல்லாம் மூட வேண்டும். காலையில் வெயில் படுவதற்குள் பைப்பில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட வேண்டும், உறைந்த இலையில் வெயில் பட்டால் கருகிவிடும். ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டும். குண்டு குண்டான கையெழுத்து, தப்பில்லாத தமிழ்.

மூன்று பாத்திகள். மேலே இரண்டில் ஜெரேனியம், பெகோனியா நாற்றுகள். கீழே நீரோடை ஓரத்தில் பெரிய பாத்தி. அதில் இரண்டு வருடமாக வளர்த்த செடிகள், பை பையாக. பெயர் ஹைட்ரேஞ்சியா. என் நாக்கு அதற்கு மடங்க மறுக்கிறது, உருண்டைப்பூ என்றே சொல்கிறேன். சீசனுக்கு முன்னால் ஒரு பெரிய ஓட்டலின் தோட்டத்துக்குக் கொடுப்பதாகப் பேசியிருக்கிறாளாம். பள்ளத்தில்தான் பனி போய்த் தங்கும் என்பதால் ஆபத்தும் அந்தப் பாத்திக்குத்தான் அதிகம்.

மூடுவதற்கு மிலார் என்று ஒரு செடியைக் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து கட்டுக் கட்டாக வாங்கி வைத்திருக்கிறாள். அதைக் குச்சியில் சாய்த்துக் கட்டிப் பந்தல் மாதிரி போட்டு, மேலே பழைய சாக்கு. கேட்க எளிது. குனிந்து குனிந்து கட்டினால் இடுப்பு என்று ஒன்று இருப்பது தெரியும்.

"நீங்க விடுங்க சம்பந்தி, நான் கட்டறேன்."

"பரவாயில்லீங்க, நானும் ஒரு கை போடறேன்."

"ஐயோ, உங்களைப் போய் வேலை வாங்கறதா?"

இதிலேயே கால் மணி நேரம் போய்விட்டது. கடைசியில் மேல்பாத்தி இரண்டும் என் பொறுப்பு, கீழ்ப்பாத்தி அவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

டிசம்பர் 20, புதன்

மேகம். பனி இல்லை. தூங்கினேன்.

டிசம்பர் 21, வியாழன்

ஒரு தப்பு. நாற்றுத் தட்டுகளுக்குச் சாக்கு போதவில்லை என்று பிளாஸ்டிக் தாளை நேரே இலை மேல் போர்த்தினேன். காலையில் பார்த்தால் தாள் தொட்ட இடமெல்லாம் வெந்த கீரை. 'பிளாஸ்டிக் இலையில் படக் கூடாது' என்று தாளின் கடைசி வரியில் எழுதியிருக்கிறாள். கடைசி வரை படிக்காத என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சம்பந்தி பார்த்தார், வெந்த தட்டுகளை எடுத்து ஓரமாக வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் செல்போனுக்கு சிக்னல் இல்லை. ரோட்டு வளைவு வரை ஏறினால்தான் கிடைக்கும். காலை ஒன்பதரைக்கு ஏறிப் போய் மரகதத்தைக் கூப்பிட்டேன். அவள் என்னைக் கேட்காமலே போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள்.

"மாமா, நல்லாருக்கீங்களா? குளிர் ஒத்துக்குதா? செடியெல்லாம்?"

"எல்லாம் நல்லாருக்கு. நீ படுத்துக்க."

ஒரு வருடத்தில் நாங்கள் பேசிய முதல் பேச்சு இது.

டிசம்பர் 24, ஞாயிறு

சம்பந்திக்கு இன்று ராத்திரி கோயில் பூசை. ஊட்டியில் தங்கை வீட்டில் தங்கி, நாளை மதியம் வருவார். காலையிலிருந்தே ஆரம்பித்துவிட்டோம்.

"கீழ்ப்பாத்தியையும் நானே மூடிக்கறனுங்க. நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க" என்றேன்.

"வேண்டாம் சம்பந்தி. மூணு மணிக்கு மூடிட்டுத்தான் கிளம்புவேன்."

"நல்ல நாளும் அதுவுமா கையில மண்ணு எதுக்குங்க?"

"உங்களை வேலை வாங்கிட்டு அங்க முட்டி போட்டு நான் என்னன்னு ஜெபம் பண்றது?"

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் வேண்டாம் என்றுவிட்டார். சரி, என் கை பட்டால் அவருடைய உருண்டைப்பூ வாடிவிடும்போல. பிளாஸ்டிக் விஷயத்தை மனதில் வைத்திருக்கிறார். நான் மேலே போய் என் பாத்தியைப் பார்த்தேன். எப்போது போனார் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆறு மணிக்கு வானம் துடைத்து விட்டதுபோல இருந்தது. காற்று அசையவில்லை. இன்று விழும்.

டிசம்பர் 25, திங்கள்

போச்சு. எல்லாம் போச்சு.

காலையில் கீழே பார்த்தால் கீழ்ப்பாத்தி முழுக்க உப்பு கொட்டியது போலக் கிடக்கிறது. ஒரு செடி மேல் ஒரு சாக்கு இல்லை. மிலார் கட்டெல்லாம் ஓரத்தில் அடுக்கியபடி இருக்கிறது. ஓடிப்போய் பைப்பைத் திறந்து தெளிப்பதற்குள் ஓடையைத் தாண்டிப் பாத்தி மேலேயே வெயில் வந்துவிட்டது. பத்து மணிக்கு இலையெல்லாம் தொங்கிவிட்டது. மதியம் கருப்பு.

சம்பந்தி ஒரு மணிக்குக் கேக் பொட்டலத்தோடு வந்தார். படியில் நின்று பார்த்தார். பொட்டலம் கீழே விழுந்தது.

நடந்தது இதுதான். அவர் தங்கை மகன் ஜீப் இரண்டு மணிக்கே வந்துவிட்டதாம். மூன்று தடவை கேட்ட மனிதர் மூடாமலா விடுவார் என்று என்னை நம்பி ஏறிவிட்டார். சொல்லிவிட்டுப் போக மேல்பாத்திப் பக்கம் எட்டிப் பார்த்தாராம். நான் வீட்டுக்குள் கண்ணயர்ந்திருந்தேன். எழுப்புவது மரியாதை இல்லை என்று போய்விட்டார்.

"ஒரு வார்த்தை எழுப்பிச் சொல்லக் கூடாதாய்யா?" என்று கத்திவிட்டேன். சம்பந்தியை 'யா' போட்டுப் பேசியது இதுதான் முதல்.

"நீங்க சாயங்காலம் ஒரு எட்டு இறங்கிப் பாத்திருக்கலாமே" என்றார். கத்தவில்லை. அழுதார்.

நான் ஏன் பார்க்கவில்லை? ஆறு மணிக்குப் படி ஓரத்தில் நின்றேன். கீழே மங்கலாக இருந்தது. நாற்பது படி இறங்கினால் தெரிந்திருக்கும். சம்பந்தி வேலையை நாம் போய்ச் சரிபார்ப்பது அவரை அவமதிப்பது ஆகும் என்று திரும்பிவிட்டேன். பதினாறு வருடம் பச்சைக் குழந்தையின் வயதைக்கூட நம்பாமல் டிக்கெட் கேட்டவன் நான்.

வளைவுக்குப் போனேன். "எல்லாம் ஜம்முனு இருக்கு" என்றேன். அவளுக்குத் தெரிந்தால் அந்த நிமிடமே எழுந்து பஸ் ஏறிவிடுவாள். தெரியவே கூடாது.

டிசம்பர் 26, செவ்வாய்

ஒரு முடிவுக்கு வந்தேன். செத்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, குன்னூர்ப் பக்கம் எங்காவது இதே செடி வாங்கிப் பையில் நட்டு நிறுத்திவிட வேண்டும். அவள் வருவதற்குள் முளைத்து நிற்கும். சம்பந்தியிடம் காலையில் சொன்னதற்குத் தலையாட்டினார். சாயங்காலம் வளைவுக்குப் போய்த் திரும்பியவர், நான் ஒரு வரிசை பிடுங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். அறுபத்திரண்டு வயசுக்காரர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

"விடுங்க சம்பந்தி, விடுங்க. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. வேண்டாம்."

வேதக்காரர் எனக்குச் செவ்வாய்க்கிழமை சொல்கிறார்! பிடுங்கியதை எல்லாம் திரும்பப் பையில் வைத்து மண் அணைத்தார். அப்புறம் செய்ததுதான் வேடிக்கை. அந்தக் கருப்புக் குச்சிகள் மேல் மிலாரைக் கட்டி, சாக்கைப் போட்டு மூடினார். செத்த செடிக்குப் போர்வை போர்த்தும் மனிதரை இன்றுதான் பார்க்கிறேன். துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது, பாவம்.

டிசம்பர் 29, வெள்ளி

தினமும் மூடுகிறார், தினமும் திறக்கிறார். கருப்பு இலையை நான் கத்தரிக்கக்கூடக் கூடாதாம். "உங்களுக்கு எதுக்கு சிரமம், நாளைக்கு நான் பாத்துக்கறேன்" என்கிறார். அந்த நாளை வருவதாக இல்லை. சாயங்காலமானால் போனை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போய்விடுகிறார், அரை மணி ஆகிறது திரும்ப. யாரிடம் பேசுவாரோ. கேட்பது நாகரிகம் இல்லை.

இன்று காலை மருமகள் கேட்டாள்: "மாமா, கீழ்ப்பாத்தி எப்படி இருக்கு?"

"தளதளன்னு இருக்கு."

"அப்படியா மாமா?" என்றாள். "மொட்டு ஏதாவது தெரியுதா?"

"ரெண்டு தெரியுது." ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணைக்கு ஒன்பது வந்து நிற்கிறது.

ஜனவரி 1, திங்கள்

பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கேக் கொடுத்தார்கள். மேல்பாத்தி ஜெரேனியம் ஒரு இலை வாடாமல் நிற்கிறது. சம்பந்தியும் நானும் இப்போது மரியாதையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம். "அந்த முனையைப் பிடிங்க" என்கிறார். பிடிக்கிறேன். வேலை பாதி நேரத்தில் முடிகிறது.

ஜனவரி 4, வியாழன்

"இன்னைக்கு அஷ்டமி சம்பந்தி. செடியில கத்தி வைக்கக் கூடாது."

இந்த மனிதருக்குப் பஞ்சாங்கம் யார் படித்துச் சொல்கிறார்கள்?

ஜனவரி 5, வெள்ளி

இந்த வருடத்தின் பெரிய பனி. ஐந்தரைக்கு எழுந்து பைப்பைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே கட்டியாகிவிட்டது. ஓடைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஓரத்தில் மட்டும் கண்ணாடி மாதிரி. வெயில் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு பூவாளி எடுத்துக்கொண்டு, ஓடையில் மொண்டு, நாற்பது படி ஏறித் தெளித்தோம். சாக்கு விறைத்துப் பலகையாக நின்றது. விரல் என்னுடையதா என்றே தெரியவில்லை. எத்தனையாவது நடை என்று நினைவில்லை, நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியது. மீதியைச் சம்பந்திதான் தெளித்தார். வெயில் வந்தபோது ஒரு நாற்றுக்கும் சேதம் இல்லை.

படியில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. எழுதத்தான் வேண்டும், எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு.

போன ஜனவரியிலும் இந்தப் பைப் இப்படித்தான் உறைந்தது. அன்று இந்தப் படியில் ஏறி இறங்கியவள் அவள் ஒருத்திதான். ஐந்தாம் மாதம். நந்து எல்லையில். சம்பந்தி விடுதியில் நூறு பிள்ளைகளுக்குப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார். நான் அந்தியூரில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். அன்று மத்தியானம் வயிற்றில் இருந்தது போய்விட்டது. மரகதம் அழுதுகொண்டே பேசிக்கொண்டிருந்த போனைப் பிடுங்கி நான் அவளிடம் சொன்னேன்: "செடிக்குத் தண்ணி சொமக்கத் தெரிஞ்சவளுக்கு வயித்துல இருக்கறது பெருசாத் தெரியலையா?"

போன் கட்டாகிவிட்டது. அதற்கப்புறம் ஒரு வருடம் நாங்கள் பேசவில்லை. நான் இந்த மலைக்கு வந்த காரணம் மரகதம் இல்லை.

ஜனவரி 6, சனி

சம்பந்தி கஞ்சி வைத்துக் கொடுத்தார், கொள்ளுத் துவையலோடு. குடிக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"சம்பந்தி, போன வருசம் உங்க மகளை நான் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டனுங்க."

"தெரியும்" என்றார்.

"தெரியுமுங்களா?"

"ஸ்பீக்கர்ல இருந்தது. கட்டில் பக்கத்துல நான்தான் உக்காந்திருந்தேன்."

நான் தலை நிமிரவில்லை. தெரிந்துகொண்டே இருபது நாளாக எனக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்திருக்கிறார். கம்பளி தட்டிப் போட்டிருக்கிறார்.

"கோவம் இல்லீங்களா?"

"இருந்தது சம்பந்தி. ஏன் இல்ல? வந்த அன்னைக்குக்கூட இருந்தது. நீங்க மேலே மேலே மரியாதை குடுத்தீங்க, நானும் குடுத்தேன். கோவத்த எங்க வைக்கிறதுன்னு தெரியல." பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு சொன்னார்: "கஞ்சி ஆறுது. குடிங்க."

குடித்தேன். இன்னொரு கரண்டி ஊற்றினார்.

ஜனவரி 9, செவ்வாய்

மழைத் தூறல். பனி இல்லை. இரண்டு பேரும் மத்தியானம் வரை குறட்டை.

ஜனவரி 11, வியாழன்

இன்று அமாவாசையாம். கத்தரிக்கக் கூடாதாம். சிரித்துவிட்டேன். "சம்பந்தி, உங்க கோயில் பெரிய சாமியாருக்குத் தெரிஞ்சா உங்களை உள்ளயே விட மாட்டாரு" என்றேன். அவரும் சிரித்தார். ஆனால் கத்தியைக் கொடுக்கவில்லை.

பொங்கல் கழித்துக் குன்னூர் போய்ச் செடி பார்த்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் இன்னும் நான்கு வாரம் படுத்தால் முப்பத்தாறு ஆகிவிடும். அதுவரை என் பொய் தாங்க வேண்டும்.

ஜனவரி 14, ஞாயிறு, போகி

காலையில் வளைவுக்குப் போனேன். மரகதம் குரல் ஒரு மாதிரி இருந்தது. "பேசுங்க, அவளே பேசறாளாம்" என்று கொடுத்தாள்.

"மாமா, நாலஞ்சு நாளா பனி கம்மியா?"

"கம்மிதான். செடியெல்லாம்..."

"மாமா, கீழ்ப்பாத்திக்குப் போங்க. அந்தக் கருப்புக் குச்சியில அடியில, மண்ணுக்கு ரெண்டு விரல் மேல, நகத்தால லேசா சுரண்டிப் பாருங்க."

"எந்தக் கருப்புக் குச்சி?" என்றேன். என் வாய் அப்படியே திறந்துகொண்டு நின்றது.

"ஹைட்ரேஞ்சியா மாமா. உங்க உருண்டைப்பூ. கிறிஸ்மஸ் அன்னிக்குக் கருகினது."

அப்பா மறுநாள் சாயங்காலமே சொல்லிவிட்டாராம். மகளிடம் அவருக்குப் பொய் வராதாம். காலையில் மாமனார் நான் ஜம்மென்று இருக்கிறது என்பேன், சாயங்காலம் அப்பன் உள்ளதைச் சொல்வார். இருபது நாளாக இரண்டையும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். கருகின இலையை வெட்டாதீர்கள், அதுதான் அடியில் இருக்கும் கணுவுக்குப் போர்வை, பனிக்காலம் முடிகிற வரை அப்படியே மூடி வையுங்கள் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள். செவ்வாய், அஷ்டமி, அமாவாசை எல்லாம் மரகதம் பக்கத்தில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்து எடுத்துக் கொடுத்தது. என் பெண்டாட்டியும் கூட்டு!

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க வெசனப்படுவீங்கன்னு அத்தை சொன்னாங்க. வெசனப்பட்டா ஊருக்குக் கிளம்பிடுவீங்கன்னு நான் நெனச்சேன்."

எனக்கு அது இல்லை கேள்வி. ஒரு லாரி போகிற வரை நின்றேன்.

"தெரிஞ்சும் நீ எந்திரிச்சு வரலையா?"

"எதுக்கு மாமா வரணும்? நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்களே."

ரோட்டோரத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தேன்.

"போன வருசம் நான் சொன்ன வார்த்தை..." என்று ஆரம்பித்தேன். முடிக்கத் தெரியவில்லை. முப்பது வருடம் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமலே சம்பளம் வாங்கியவனுக்கு அது எங்கிருந்து வரும்? "தப்பு. தப்புங் கண்ணு. நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன், ஒரு வழியாக.

அந்தப் பக்கம் அழுகிறாளோ என்று பயந்தேன். அழவில்லை.

"அது மறக்கல மாமா. மறந்துட்டேன்னு சொன்னா பொய்யாயிடும். ஆனா இந்த வருசம் நீங்க வந்தீங்க. அந்தப் பூவாளியத் தூக்கிட்டு எத்தனை நடை ஏறினீங்கன்னு அப்பா சொன்னாரு." மூக்கை உறிஞ்சினாள். "போய்ச் சுரண்டிப் பாருங்க மாமா. நான் லைன்ல இருக்கேன்."

"கீழ சிக்னல் இல்லையே."

"அப்பா ஓடி வந்து சொல்லுவாரு. அவருதான் நல்லா ஓடுறாராமே."

போனைக் கட்டைச் சுவர் மேலேயே வைத்துவிட்டு, நாற்பது படியும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. சம்பந்தி ஏற்கெனவே கீழ்ப்பாத்தியில் சாக்கை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு. குந்தி உட்கார்ந்து முதல் செடியின் தண்டைச் சுரண்டினேன். பழுப்பு. இன்னும் கீழே சுரண்டினேன். பச்சை. ஈரப் பச்சை. அடுத்தது, பச்சை. அதற்கடுத்தது நான் பிடுங்கிப்போட்ட வரிசை, அதில் நாலைந்து வறட்டுக் குச்சி, என் கைக்காரியம். மற்றதெல்லாம் அடியில் உயிரோடு இருந்தது. ஒன்றில் அரிசி முனை அளவுக்கு ஒரு கணு பிதுங்கிக்கொண்டு நின்றது.

"ஓடுங்க சம்பந்தி" என்றேன். "ரோசலின் லைன்ல இருக்கா. ஓடுங்க!"

ஓடினார்.

ஜனவரி 15, திங்கள், பொங்கல்

வாசலில் பொங்கல் வைத்தோம். சமையல்காரர் கை, கேட்க வேண்டுமா? முதல் கரண்டியை எனக்குப் போட வந்தார். இலையை அவர் பக்கம் தள்ளி, "இன்னைக்கு உங்களுக்குத்தான் மொதல்ல" என்றேன். வேண்டாம் என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்து கீழ்ப்பாத்தியை மூடினோம். அப்புறம் நான் ஒரு தடவை இறங்கிப் போய்ச் சரிபார்த்தேன். அவர் ஒரு தடவை இறங்கிப் போய் நான் சரிபார்த்ததைச் சரிபார்த்தார்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பெண் குழந்தை. இரண்டு கிலோ நானூறு. பிறந்ததும் ஆஸ்பத்திரியே அதிர அழுதாளாம். ரோசலினுக்கு ஒரு குறையும் இல்லை, பசிக்கிறது என்று கேட்டாளாம். மரகதம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் வளைவில் நின்று இரண்டு கிழவர்களும் அழுது தொலைத்தோம். மினி பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி என்ன துக்கம் என்று விசாரித்தார்.

பேத்தியைப் பார்க்க மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்றார் சம்பந்தி. வானத்தைப் பார்த்தேன். மேகம் ஒன்றும் இல்லை, காற்றும் இல்லை. ஐந்து மணி பஸ்ஸுக்குப் போகலாம், மூடிவிட்டு. காலையில் தெளித்துத் திறக்கப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் சொல்லியாயிற்று.

"அந்த முனையைப் பிடிங்க" என்றேன்.